நெல்லைச் சீமையில் செடி அவரை: வீட்டுக்கும் சந்தைக்கும்

அவரை போடலாம் என்று நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சென்ட் போடலாம்?" என்றுதான். நிலம் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்து இதற்குப் பதில் சொன்னால் தப்பாகப் போகும். பறிக்க எத்தனை கை இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். செடி அவரை காய்க்க ஆரம்பித்தால் மூன்று நாளைக்கு ஒருமுறை, தள்ளிப்போனால் நான்கு நாளைக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும். கல்யாண வீடு, கோயில் கொடை என்று ஒரு வாரம் தோட்டத்துப் பக்கம் போகாமல் இருந்தால் காய் முத்திவிடும். விலை போகாது என்பது மட்டுமில்லை, முத்தின காயைச் சுமக்கும் செடி புதுப் பூவும் விடாது.

கணக்கு இப்படி. இரண்டடிக்கு ஓரடி இடைவெளியில் நட்டால் ஒரு சென்ட்டுக்கு ஏறக்குறைய 218 செடி நிற்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு சென்ட்டில் 35 கிலோ வரை காய் எடுக்கலாம், அதுவும் ஐந்தாறு வாரத்தில் பத்துப் பறிப்பாக. ஐந்து சென்ட் என்றால் ஒரு பறிப்புக்குச் சராசரி 17 கிலோ, உச்சத்தில் 25, 30 கிலோ. வீட்டில் இரண்டு பேர் காலையில் பறித்து முடிக்கிற அளவு இது. அதனால் முதல் போகத்துக்கு ஐந்து சென்ட் போதும் என்பேன். அரை ஏக்கர் சும்மா கிடந்தாலும் ஐந்து சென்ட்தான்.

பந்தல் வேண்டாம், செடி போதும்

நம் ஊர்களில் வேலியிலும் கூரையிலும் ஏறிக் கிடக்கும் கொடி அவரையை எல்லாரும் பார்த்திருப்போம். ஆடியில் ஊன்றினால் மார்கழியில்தான் காய்க்கும். பொழுது குறுகி இரவு நீண்டால்தான் அது பூக்கும். ஆடியில் ஊன்றினாலும் ஆவணியில் ஊன்றினாலும் அது காத்திருப்பது பனிக்காலத்துக்குத்தான். ஆக, ஊரெல்லாம் ஒரே நேரத்தில் காய்த்து, பொங்கலை ஒட்டி அவரை வந்து குவியும். பொங்கல் குழம்புக்கு அவரை இல்லாமல் முடியாது என்பதால் அந்த இரண்டு நாள் விலை நிற்கும். அப்புறம் இறங்கிவிடும்.

செடி அவரைக்கு இந்தக் கட்டு கிடையாது. பகல் நீளத்தைப் பார்க்காமல், வயது வந்ததும் பூக்கிற ரகங்கள் வந்துவிட்டன. விதைத்து 40 நாள் வாக்கில் பூ, 50, 55 நாளில் முதல் பறிப்பு. இடுப்பளவுக்கு மேல் போகாது. பந்தல், கம்பி, கல்தூண் என்று எந்தச் செலவும் இல்லை. புதிதாக இறங்குகிறவர்களுக்கு இதை விட்டால் நல்ல பயிர் இல்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்: போட்ட காசு மூன்று மாதத்துக்குள் திரும்பும், தவறினாலும் பெரிய நஷ்டம் இல்லை.

ரகம் என்று பார்த்தால், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ஜெய், அர்கா விஜய் இரண்டும் பகல் நீளத்துக்குக் கட்டுப்படாத குத்துச் செடிகள். அர்கா ஜெய் காய் நீளமாக, வெளிர்பச்சையில் லேசாக வளைந்திருக்கும். அர்கா விஜய் குட்டையாக, கரும்பச்சையாக இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ வரிசையிலும் குத்து ரகங்கள் உண்டு, கோ 14 அதில் ஒன்று. எதை எடுப்பது? சந்தைக்கு என்றால் ஒரு வேலை செய்யுங்கள். விதை வாங்குவதற்கு முன்னால் நீங்கள் விற்கப்போகும் சந்தையில் எந்தக் காய் சீக்கிரம் காலியாகிறது என்று இரண்டு மூன்று வாரம் போய்ப் பாருங்கள். ஆள் பழகாத நிறத்தையோ நீளத்தையோ கொண்டுபோய் வைத்தால், காய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசியாகத்தான் கை வைப்பார்கள்.

விதையைக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ ஊர்மேலழகியான் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுப் பாருங்கள். பெங்களூரு நிறுவனம் இணையம் வழியாகவும் விதை விற்கிறது. உதிரியாகக் கிடைக்கும் விதையை நம்ப வேண்டாம். செடி அவரை என்று கொடுத்தது கொடியாக ஓடினால் அந்தப் போகமே போச்சு.

எப்போது ஊன்றுவது

எந்தப் பட்டத்திலும் வரும் பயிர் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். பாக்கெட் அச்சடித்தவர்கள் நம் ஊர்ச் சித்திரையைப் பார்க்கவில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில் செடி வளரும், பூக்கும், பூ பிடிக்காமல் உதிரும். இன்னொரு பக்கம், வைகாசியிலிருந்து ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் மேலக்காற்று அடித்துத் தள்ளும். பணகுடிப் பக்கமும் கயத்தாறு பக்கமும் காற்றாலைகள் வந்ததே இந்தக் காற்றை நம்பித்தான். அந்தக் காற்றில் பூத்த செடி நிற்காது.

நான் சொல்வது இரண்டு பட்டம். ஆடிக் கடைசியிலிருந்து ஆவணி முதல் பாதிக்குள் ஊன்றுவது ஒன்று. பூக்கும்போது காற்று தணிந்திருக்கும், புரட்டாசிக் கடைசியில் பறிப்பு தொடங்கும், கார்த்திகைக் கனமழைக்கு முன்னால் பெரும்பாலும் முடிந்துவிடும். புரட்டாசியில் பாதி ஊர் கறி மீன் எடுக்காது. காய்கறிக்கு அப்போது நல்ல கிராக்கி, கொடி அவரையும் வந்திருக்காது.

இரண்டாவது, மார்கழி பாதிக்கு மேல் தை முதல் வாரத்துக்குள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கிணற்றில் தண்ணீர் நிற்கும், மண் ஈரம் பதமாக இருக்கும். மாசி இரண்டாம் வாரத்தில் தொடங்கிப் பங்குனிப் பாதி வரை பறிக்கலாம். புதியவர்கள் இந்தப் பட்டத்தில் தொடங்குவது நல்லது. தண்ணீர்க் கவலையும் குறைவு, காற்றும் இல்லை. மார்கழி பிறந்ததுமே ஊன்ற வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், அதாவது மார்கழி பிறந்த கையோடு பெய்த மழையில் தாமிரபரணிக் கரை வயல்கள் மூழ்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி மழை வருஷா வருஷம் வராது. ஆனாலும் அந்த மாத முதல் பாதியில் ஒரு புயல் சின்னம் வந்து நின்றால் அவரை விதை அழுகிப்போகும்.

எந்தப் பட்டமானாலும் மொத்தத்தையும் ஒரே நாளில் ஊன்ற வேண்டாம். இரண்டரை சென்ட் இன்றைக்கு, மீதி 15 நாள் கழித்து. முதல் பகுதி ஓயும்போது இரண்டாவது உச்சத்தில் இருக்கும். சந்தைக்காரருக்கு இரண்டு மாதம் விடாமல் காய் போகும், வீட்டிலும் அவரை தீராது.

மண்ணும் பாரும்

பாவூர்சத்திரம், கீழப்பாவூர், கடையம், ஆலங்குளம் பக்கத்துச் செம்மண் தோட்டங்கள் இதற்கு அருமையான நிலம். நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் தேரி மணல் என்றால் தொழு உரத்தை இரட்டிப்பாக்கி, தண்ணீரைச் சிறிது சிறிதாக அடிக்கடி விட வேண்டும். கரிசலிலும் வரும், ஆனால் வடிகால் சுத்தமாக இருக்க வேண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் நெல் வயல் வைத்திருப்பவர்கள் கார்ப் பருவ நெல்லை அறுத்த கையோடு அதில் அவரை போட ஆசைப்படுவார்கள். நஞ்சையில் வேர் மூச்சுத் திணறும், வேண்டாம். மேட்டு வரப்பில் வீட்டுக்கு நாலு செடி ஊன்றலாம், அவ்வளவுதான்.

நிலத்தை இரண்டு முறை உழுது, சென்ட்டுக்கு 50 கிலோ மக்கிய தொழு உரம் போடுங்கள். மக்காத சாணம் போட்டால் கறையான் வரும். கோடையில் ஆட்டுக்கிடை போட்ட நிலமாக இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. இரண்டடி அகலத்தில் பார் பிடியுங்கள். பாரின் தலையிலும் விதைக்காமல் பள்ளத்திலும் விதைக்காமல் சரிவின் நடுவில் ஊன்ற வேண்டும். தண்ணீர் வேருக்குக் கிடைக்கும், தண்டு நனையாது. சொட்டுநீர் இருந்தால் பார் கூடத் தேவையில்லை, மேட்டுப்பாத்தி போதும்.

ஆடிப் பட்டம் போடுகிறவர்கள் மேற்கு ஓரத்தில் அகத்தியோ சோளமோ இரண்டு வரிசை நெருக்கமாக முன்கூட்டியே விதைத்துவிடுங்கள். காற்றின் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

விதை ஊன்றுவது

ஐந்து சென்ட்டுக்கு முக்கால் கிலோ விதை எடுத்துக்கொள்ளுங்கள். சுருங்கியது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கிக் கழியுங்கள். முதல் நாள் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணப் பொடியை, கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் கலந்து வையுங்கள். வேரழுகல் வராமல் இருக்க இது. மறுநாள் ஊன்றுவதற்குச் சற்று முன்னால் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரம். 200 கிராம் பாக்கெட் ஒன்று 8 கிலோ விதைக்கு வரும், அதனால் உங்களுக்கு 20 கிராம் போதும். ஆறின சோற்றுக் கஞ்சி கொஞ்சம் ஊற்றிப் பிசறி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் விதையில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காயப்போட்டால் அதில் இருக்கும் நுண்ணுயிர் செத்துப்போகும். இந்த ஒரு வேலையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாக்கெட் விலை கொஞ்சம்தான், ஆனால் பின்னால் யூரியா வாங்கும் செலவே இல்லாமல் செய்வது இதுதான்.

ஓரடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை, ஓரங்குல ஆழம். ஊன்றியதும் தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், அதற்குப் பிறகு மண்ணைப் பார்த்து வாரம் ஒருமுறை. ஐந்திலிருந்து ஏழு நாளில் முளைக்கும். பத்தாம் நாள் வாக்கில் குழிக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும்.

இந்தப் பத்து நாள்தான் மயிலுக்குக் கொண்டாட்டம். விதையைக் கிளறும், முளையைக் கொத்தும். மயிலைத் தொட்டால் வனச் சட்டம் பாயும் என்பது எல்லாருக்கும் தெரியும், விரட்டிக்கொண்டே இருக்கவும் முடியாது. பாரின் மேல் உடைமுள்ளைப் பரப்பி வைப்பது பழைய வழி, அதுவே நல்ல வழி. சின்ன இடமென்றால் பழைய மீன்வலையைக் குச்சி நட்டு விரியுங்கள். இரண்டு இலைப் பருவம் தாண்டிவிட்டால் தொந்தரவு குறையும். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை தனி. அவர்கள் வேலியை முடித்துவிட்டு விதையை வாங்குவதே சரி.

முப்பதாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள்

முதல் களையை 15, 20 நாளில் எடுத்து மண் அணையுங்கள். முப்பதாம் நாள் ஓரத்தில் ஒரு செடியை மம்பட்டியால் சுற்றிலும் தோண்டி, மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் அலசுங்கள். வேரில் கடுகும் மிளகுமாகச் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருக்கும் தழைச்சத்தைச் செடி தானே இழுத்துக்கொள்கிறது என்று அர்த்தம், யூரியா பக்கம் போக வேண்டாம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்யவில்லை. அப்போது சாணமும் கோமியமும் சேர்த்துத் தயாரிக்கும் ஜீவாமிர்தமோ மண்புழு உரமோ கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். முடிச்சு நன்றாக இருக்கும் செடிக்கு யூரியா போட்டால் இலை தழைத்து, கரும்பச்சையாக, பார்க்க அழகாக நிற்கும். பூ வராது.

பூ எடுக்கும் நேரத்தில் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யம் கலந்து சாயங்காலம் தெளிக்கலாம். இந்த நேரத்தில் தண்ணீர் காயவும் கூடாது, தேங்கவும் கூடாது. பூ உதிர்கிறது என்று வருகிற புகார்களில் முக்கால்வாசி, காயவிட்டுக் காயவிட்டு மொத்தமாக விடுகிற தண்ணீரால்தான்.

பூச்சி

அவரை என்றாலே அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. பனி விழும் காலத்தில் குருத்திலும் பூங்கொத்திலும் கருப்பாக அப்பிக்கொள்ளும். தொட்டால் கை பிசுபிசுக்கும், எறும்பு வரிசை மேலும் கீழும் ஓடும். முதலில் ஒன்றிரண்டு குருத்தில்தான் இருக்கும். அதை அப்போதே கிள்ளி, ஒரு பையில் போட்டு வெளியே கொண்டுபோய் அழித்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது. சிவப்பில் கருப்புப் புள்ளி வைத்த பொறிவண்டு அங்கே உட்கார்ந்திருந்தால் மருந்தடிக்காமல் நாலு நாள் பொறுங்கள். வண்டும் அதன் புழுவும் அசுவினியைத் தின்னும்.

அதைவிட மோசம் காய்ப்புழு. இரண்டு மூன்று பூ நூல் கட்டியது போல ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே முதுகில் கரும்புள்ளி வரிசையோடு வெளிறிய புழு ஒன்று இருக்கும். பூவிலிருந்து பிஞ்சுக்குப் போகும். காய்க்குள் நுழைந்த பிறகு எந்த மருந்தும் எட்டாது. ஆகவே பார்க்க வேண்டியது பூவில், காயில் இல்லை.

இரண்டுக்கும் வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 10 லிட்டருக்கு அரை கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி, இரவு ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சேர்த்து, சாயங்காலம் இலைக்கு அடியிலும் படும்படி அடிக்க வேண்டும். மொட்டு தெரிந்ததும் ஒன்று, பத்து நாள் கழித்து ஒன்று. கடை மருந்தை நான் வேண்டாம் என்பதற்கு நேரடியான காரணம் உண்டு. மருந்தடித்துப் பறிப்பதற்கு இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று புட்டியில் போட்டிருப்பார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை பறிக்கிற செடியில் அந்த நாளை எங்கே கொண்டு வைப்பது? பொறுத்தால் காய் முத்தும், பொறுக்காமல் பறித்தால் அந்த மருந்தை யாரோ ஒரு பிள்ளை சாப்பிடும்.

இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாகி நின்றால் அது தேமல், வெள்ளை ஈ பரப்புவது. அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிடுங்கள், வைத்தியம் கிடையாது. சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் சரியாகக் கேட்கும்.

பறிப்பு

செடி அவரையின் பூங்காம்பு இலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும். அடியில் காய், நடுவில் பிஞ்சு, நுனியில் பூ, எல்லாம் ஒரே காம்பில். அவசரத்தில் காயைப் பிடித்து இழுத்தால் காம்பே ஒடிந்து வரும், அடுத்த இரண்டு பறிப்புக்கான காயும் அதோடு போகும். இடது கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு காயாகக் கிள்ள வேண்டும். புதிதாக வரும் ஆளுக்கு முதல் நாள் இதை நின்று காட்டிக் கொடுங்கள்.

எது பறிக்கும் பதம்? காய் அதன் முழு நீளம் வந்திருக்க வேண்டும், விதை வெளியே புடைத்திருக்கக் கூடாது. மடக்கினால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் நார் ஏறிவிட்டது. முத்தியதையும் செடியில் விட்டுவைக்காதீர்கள். பறித்துத் தனியாகப் போட்டால் வீட்டில் விதையை உரித்துக் கூட்டாஞ்சோற்றில் போடலாம்.

காலையில் பனி உலர்ந்த பிறகு இறங்குங்கள். ஈரச் செடியில் கை பட்டால் நோய் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். பறித்ததை ஓலைப்பெட்டியில் போட்டு நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் திணித்தால் வெந்துபோகும். மண் ஒட்டியிருந்தாலும் கழுவ வேண்டாம், கழுவின காய் சந்தைக்குப் போவதற்குள் கறுத்துவிடும்.

விற்பது

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் இருந்து புளியரை வழியாகக் கேரளாவுக்கு லாரி போவதால் அங்கே எவ்வளவு கொண்டுபோனாலும் எடுப்பார்கள். ஆனால் 20 கிலோவுக்கு வண்டி வாடகை, இறக்குகூலி, கமிஷன் எல்லாம் போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான். இந்த அளவுக்கு உழவர் சந்தைதான் தோது. பாளையங்கோட்டையில் மகாராஜா நகர் உழவர் சந்தை இருக்கிறது. நில ஆவணங்களும் புகைப்படமும் கொடுத்து அடையாள அட்டை வாங்கிவிட்டால் கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை. விலையும் மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே நிற்கும். அட்டைக்கு நிலத்தை வந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள், ஆகவே செடி பூக்கும் முன்பே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.

பக்கத்து ஊர்க் காய்கறிக் கடையிலும் பேசி வையுங்கள். பேச்சு சுருக்கமாகத்தான் இருக்கும்.

"அண்ணாச்சி, வாரம் ரெண்டு தடவ பத்துப் பத்துக் கிலோ அவரை கொண்டாரேன், எடுத்துக்கிடுவீங்களா?"

"பிஞ்சா இருந்தாக் கொண்டாங்க. முத்தல் கலந்தா மொத்தத்துக்கும் முத்தல் வெலதான்."

அண்ணாச்சி சொல்வது நியாயம். தரம் பிரிக்காமல் கொண்டுபோகாதீர்கள். புழு விழுந்ததையும் முத்தலையும் வீட்டிலேயே கழித்துவிட்டு 8 கிலோ கொண்டுபோனால், கலந்துகட்டின 10 கிலோவைவிட அதிகம் கையில் வரும். அடுத்த வாரமும் உங்கள் பெட்டியைத்தான் முதலில் பிரிப்பார்.

வீட்டுக்கு மட்டும் என்றால்

நாலு பேர் வீட்டுக்கு 40 செடி போதும், 20, 20 ஆகப் பதினைந்து நாள் இடைவெளியில். வாரத்துக்கு ஒரு கிலோ சுமாராக வரும், அது மூன்று பொரியல். மாடியில் வைப்பவர்கள் 12 அங்குலப் பைக்கு ஒரு செடி வையுங்கள். செம்மண், மக்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றும் சமபங்கு. மாடியில் வெயில் இன்னும் கடுமை, ஆகவே மார்கழி–தைப் பட்டம் மட்டும்.

விதைக்கு எடுப்பது

அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும். மேலே சொன்னவை ஒட்டு ரகங்கள் அல்ல என்பதால் உங்கள் விதையையே அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பறித்து மிஞ்சிய கடைசிக் காய்களை விதைக்கு விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது, அது சரியில்லை. ஓய்ந்துபோன செடியின் விதை சோடையாக இருக்கும். ஆரம்பத்திலேயே நோயில்லாத, நன்றாகக் காய்க்கிற 20 செடிக்குத் துணி கட்டி அடையாளம் வைத்து, அதில் பறிக்காமல் விட்டுவிடுங்கள். காய் செடியிலேயே காய்ந்து சலசலக்கும்போது எடுத்து, உரித்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் போட்டு, கடித்தால் உடைகிற பதத்துக்குக் காயவையுங்கள். வண்டு விழாமல் இருக்கச் செம்மண்ணைக் குழைத்துப் பூசி உலர்த்தி வைப்பது துவரைக்குச் செய்கிற முறை, அவரைக்கும் அது கேட்கும். மீதிச் செடிகளை வேரோடு பிடுங்காமல் தரையோடு அறுத்து நிலத்திலேயே போட்டு உழுதுவிடுங்கள். அடுத்து அந்த இடத்தில் அவரையோ தட்டப்பயறோ வேண்டாம், கத்தரியோ வெண்டையோ வையுங்கள்.